கண்ணுக்குத் தெரியாத படிவு



எமது பாடசாலையின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டனர். மொழியின் தொன்மை பற்றியும் பண்பாட்டின் பெருமை பற்றியும் என்னிலும் நன்கு எழுத வல்லோர் பலர் எம்மிடையே உள்ளனர். ஆதலால், வாரத்தில் ஐந்து நாட்கள் நான் செய்யும் தொழிலைப் பற்றி எழுதத் துணிந்தேன். சனிக்கிழமைகளில் மாத்திரம் என்னைக் காணும் மாணவர்கள், "சேர், மற்ற நாட்களில் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்பதுண்டு. "பால் தொழிற்சாலையில் வேலை" என்று மறுமொழி கூறினால், மாடு கறக்கும் வேலையோ என்று சிறுவர்கள் சிரிப்பர். மாட்டுக்கும் எனக்கும் நடுவே பல கிலோமீற்றர் தூரமும் சில நூறு உருக்குத் தகடுகளும் உள்ளன. அத்தகடுகளின்மேல் படியும் படிவைக் கண்காணிப்பதும், அது எந்த மணிக்கு எல்லையைத் தொடும் என்று முன்கூட்டியே சொல்வதும் என் தொழிலின் முக்கிய பகுதியாகும்.

இதிலே எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். சற்றுப் பொறுமையுடன் வாசியுங்கள். கணக்கும் விஞ்ஞானமும் மாத்திரமன்றி, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பயன்படக்கூடிய ஓர் உண்மையும் இப்படிவினுள்ளே ஒளிந்திருக்கிறது.

கேத்தலிலிருந்து தொடங்குவோம்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்த நிலம். அங்கே கிணற்றுநீரைக் கொதிக்கவைத்த கேத்தலின் அடியில் வெள்ளை நிறத்தில் ஒரு படை படிந்திருக்கும். பெற்றோருள் பலர் அதனைச் சுரண்டிக் கழுவியிருப்பீர்கள். சுவிற்சர்லாந்தின் பல பகுதிகளிலும் நிலம் சுண்ணக்கல்லாலானது. அதனால் இங்கும் அதே படையைக் காண்கிறோம். இந்நாட்டார் அதனைக் "கால்க்" என்பர். வினாகிரியை ஊற்றி நாம் அதனைக் கரைத்து விடுகிறோம்.

நீரிலே கரைந்துள்ள கல்சியம் இருகாபனேற்று, சூடேறும்போது கல்சியம் காபனேற்றாக மாறி வெளியே படிகிறது. சீனி, உப்பு முதலியன சூடான நீரில் கூடுதலாகக் கரையும் என்றே நாம் சிறு வகுப்பில் படித்தோம். ஆனால் கல்சியம் சேர்ந்த சில உப்புகள் இதற்கு நேர்மாறானவை. நீர் சூடேறச் சூடேற அவற்றின் கரைதிறன் குறைகிறது. ஆகவே அவை மிகவும் சூடான இடத்தைத் தேடிச் சென்று படிவது போலத் தோன்றும். கேத்தலில் மிகவும் சூடான இடம் அதன் அடி. தொழிற்சாலையில் மிகவும் சூடான இடம் வெப்பமாற்றியின் சுவர்.

வெப்பமாற்றி என்பது, இரண்டு பாய்பொருள்களை ஒன்றோடொன்று கலக்கவிடாமல், ஒன்றின் வெப்பத்தை மற்றொன்றுக்குக் கொடுக்கும் கருவி. எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம், மின்னிலையம், கடல்நீரை நன்னீராக்கும் ஆலை, கப்பல், உங்கள் வீட்டுக் குளிர்ச்சாதனப் பெட்டி ஆகிய யாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் அது உண்டு. அதன் சுவரில் வேண்டாத பொருள் படிவதைப் பொறியியலாளர் "பவுலிங்" என்பர். நான் அதனைப் படிவடைதல் என்று குறிப்பிடுகிறேன்.

தகடுகளின் நடுவே பால்

எமது தொழிற்சாலையில் உள்ளது தகட்டு வெப்பமாற்றி. பால் பதனிடுவதற்குப் பொருத்தமான இத்தகைய கருவியை 1923ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் றிச்சேட் செலிக்மன் என்பவர் உருவாக்கினார். புத்தகத்தின் தாள்களைப் போல மெல்லிய துருப்பிடிக்காத உருக்குத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகடும் ஒரு மில்லிமீற்றரிலும் மெல்லியது. தகடுகளுக்கு இடையே சில மில்லிமீற்றர் இடைவெளி உண்டு. ஓர் இடைவெளியிற் பால் செல்லும். அதற்கு அடுத்த இடைவெளியில் வெந்நீர் எதிர்த்திசையிற் செல்லும். தகடு மெல்லியதாகையால் வெப்பம் விரைவாகக் கடந்துவிடும்.

பாலைப் பாஸ்ச்சர் முறையிற் பதனிடுவதற்கு அதனை 72 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, 15 செக்கன் அதே வெப்பநிலையில் வைத்திருந்து, பின் குளிர்விக்க வேண்டும். நெடுநாள் வைத்திருக்கும் பாலாயின் 135 பாகைக்கு மேல் சூடாக்கிச் சில செக்கன்கள் வைத்திருப்பர். வெளியேறும் சூடான பாலைக் கொண்டே உள்ளே வரும் குளிர்ந்த பாலைச் சூடாக்குவது இங்குள்ள சிக்கனம். நன்கு அமைந்த ஆலையில் வெப்பத்தின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இவ்வாறு மீளப் பெறப்படுகிறது.

ஆனால் பால் வெறும் நீர் அன்று. அதிலே புரதமும் கொழுப்பும் வெல்லமும் உப்புகளும் உண்டு. மோரிலே மிகுதியாகக் காணப்படும் பீற்றா லக்ரோகுளோபுலின் என்னும் புரதம், ஏறத்தாழ 70 பாகையைக் கடக்கும்போது தன் மடிப்பு அவிழத் தொடங்குகிறது. நூற்பந்து அவிழ்ந்தால் அதன் முனைகள் கண்டதிலெல்லாம் சிக்கிக்கொள்வது போல, அவிழ்ந்த புரதம் மற்றப் புரதங்களோடும் தகட்டோடும் பிணைந்துகொள்கிறது. கல்சியம் பொசுபேற்றும் சூட்டிலே கரைதிறன் குறைந்து அதனுடன் சேர்கிறது. 110 பாகைக்குக் கீழே உண்டாகும் படிவு பெரும்பாலும் புரதம், வெண்மையானது, மென்மையானது. அதற்கு மேலான வெப்பத்தில் உண்டாவது பெரும்பாலும் கனியுப்பு. சாம்பல் நிறமானது, கடினமானது.

இப்படிவு எவ்வளவு தடிப்பானால் தீங்கு உண்டாகும்? உயர் வகுப்பு மாணவர்கள் பென்சிலை எடுத்து என்னுடன் கணக்கிடுங்கள். ஒரு வெப்பமாற்றி சுத்தமாக இருக்கும்போது, ஒரு சதுர மீற்றருக்கு ஒரு பாகை வித்தியாசத்தில் 3000 வாற்று வெப்பத்தைக் கடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். சில மணி நேரத்தின் பின் அது 2400 வாற்றாகக் குறைகிறது. அதாவது ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. இப்போது படிவின் தடையைக் காண்பதற்கு, 2400இன் தலைகீழ்ப் பெறுமானத்திலிருந்து 3000இன் தலைகீழ்ப் பெறுமானத்தைக் கழியுங்கள். விடை 0.000083. பாற் படிவின் வெப்பக் கடத்தாறு ஏறத்தாழ 0.5. இரண்டையும் பெருக்கினால் படிவின் தடிப்பு மீற்றரிற் கிடைக்கும். அது ஒரு மில்லிமீற்றரின் 24இல் ஒரு பங்கு. மனிதத் தலைமயிரின் தடிப்பிலும் குறைந்தது!

தலைமயிரிலும் மெல்லிய ஒரு படை, கருவியின் ஆற்றலில் ஐந்தில் ஒன்றை விழுங்கிவிடுகிறது. துருப்பிடிக்காத உருக்கு வெப்பத்தை இப்படிவிலும் முப்பது மடங்கு நன்கு கடத்தும் என்பதே இதற்குக் காரணம்.

சரியாகக் காட்டும் மானியை நம்பலாமா?

இனி இக்கட்டுரையின் மையமான செய்திக்கு வருகிறேன். உள்ளே படிவு வளர்வதை எவரும் காண்பதில்லை. கருவி மூடியிருக்கிறது, பால் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆலையிலே எல்லோரும் பார்க்கும் முதன்மையான மானி, வெளியேறும் பாலின் வெப்பநிலையைக் காட்டும் மானியாகும். காலை 6 மணிக்கு அது 72 என்று காட்டுகிறது. 10 மணிக்கும் 72. நண்பகலிலும் 72. அதனை மாத்திரம் பார்ப்பவர், ஒரு குறையும் இல்லை என்று நிம்மதியாகத் தேநீர் அருந்தச் செல்வார்.

உண்மையில் நடப்பது வேறு. பாலின் வெப்பநிலை சற்றுக் குறைய முயலும்போதெல்லாம், தன்னியக்கக் கட்டுப்பாட்டுக் கருவி நீராவி வால்வைச் சற்றுக் கூடுதலாகத் திறக்கிறது. நீராவி கூடுகிறது, வெந்நீர் இன்னும் சூடாகிறது, பால் மீண்டும் 72 பாகையை அடைகிறது. படிவு வளர வளர வால்வும் திறந்துகொண்டே போகிறது. விளைவு மாறவில்லை, விளைவைப் பெறுவதற்குச் செலவிடும் முயற்சிதான் மணிக்கு மணி ஏறுகிறது. கட்டுப்பாட்டுக் கருவி தன் கடமையைச் செவ்வனே செய்வதாலேயே குறை மறைந்துபோகிறது.

வால்வு முழுவதும் திறந்த பின்னர் திறப்பதற்கு ஒன்றும் இல்லை. அதன் பின்னரே முதன்மை மானி இறங்கத் தொடங்கும். பால் 72 பாகைக்குக் கீழே இறங்கியவுடன், பாதுகாப்பு வால்வு தானாகவே திரும்பி, அப்பாலை மீண்டும் தொடக்கத் தாங்கிக்கே அனுப்பிவிடும். நோய்க்கிருமி உள்ள பால் மக்களைச் சென்றடையாதிருக்க இது இன்றியமையாத ஏற்பாடு. ஆனால் அப்போது உற்பத்தி நின்றுபோகும். முதன்மை மானி குறையைக் காட்டும் நேரத்தில், திருத்துவதற்கான நேரம் கடந்துவிட்டிருக்கும்.

ஆகவே படிவைக் கண்காணிப்பவன் விளைவைப் பார்ப்பதில்லை, முயற்சியைப் பார்க்கிறான். பாலை 72 பாகையில் வைத்திருக்க வெந்நீர் எத்தனை பாகையில் இருக்க வேண்டியுள்ளது? வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது? பாலை உள்ளே தள்ளுவதற்குப் பம்பி எவ்வளவு அமுக்கம் கொடுக்க வேண்டியுள்ளது? படிவால் இடைவெளி ஒடுங்கும்போது அமுக்க இழப்பும் ஏறும். இம்மூன்றையும் நேரத்தோடு சேர்த்து வரைபிலே குறித்தால், மூடிய கருவியின் உள்ளே நடப்பது வெளியே தெரியும்.

சதுரக்கோட்டுக் கொப்பி

இவ்விடத்தில் என்னைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற வேண்டும். நான் வன்னியிலே ஒரு பாடசாலையில் ஏழு ஆண்டுகள் கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்தவன். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இடம்பெயர்ந்தபோது, மரநிழலிலே கரும்பலகையைச் சாய்த்துவைத்து வெப்பம் என்னும் பாடத்தை நடத்தினோம். கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்று அன்று உரத்துச் சொன்ன பிள்ளைகளுள் சிலர் இன்று எங்கே இருக்கின்றனர் என்று எனக்குத் தெரியாது. 2011ஆம் ஆண்டில் இந்நாட்டில் அகதியாகத் தஞ்சம் கோரினேன். என் சான்றிதழ்கள் இங்கே ஆசிரியத் தொழிலுக்குப் போதுமானவையாகக் கருதப்படவில்லை. இரண்டு ஆண்டுகளின் பின் பால் தொழிற்சாலை ஒன்றில் இரவுநேரத் துப்புரவுத் தொழிலாளியாகச் சேர்ந்தேன்.

வெப்பமாற்றியைக் கழுவுவதும் அவ்வேலையின் ஒரு பகுதி. முதலில் நீர், பின் 75 முதல் 80 பாகை வரையான சூட்டில் ஐதான சோடியம் ஐதரொட்சைட்டு. இது புரதத்தைக் கரைக்கும். மீண்டும் நீர். அதன் பின் ஐதான நைத்திரிக்கமிலம். இது கனியுப்பைக் கரைக்கும். இறுதியில் மீண்டும் நீர். தகடுகளைக் கழற்றாமலே குழாய்வழியாக இவை யாவும் சுற்றி ஓடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் செல்லும். அக்காலத்தில் எமது ஆலையிலே கடிகாரத்தைப் பார்த்தே கழுவினர். குறித்த மணி நேரம் கடந்ததும் ஆலையை நிறுத்திக் கழுவுவது வழமை.

சில நாட்களில் முதலாவது நீரிலேயே கழிவு தெளிந்துவிடும். அன்று கழுவியது வீண். வேறு சில நாட்களில் வெண்ணிறத் துணுக்குகள் நெடுநேரம் வந்துகொண்டிருக்கும். ஏன் இவ்வேறுபாடு என்று என்னுள் இருந்த ஆசிரியர் கேட்டார். பிள்ளைகள் பயன்படுத்தும் சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்றை வாங்கினேன். வேலை தொடங்கும்போது, பகலில் பதிவான வெந்நீரின் வெப்பநிலையைப் பதிவுத் தாளிலிருந்து மணிக்கு மணி பார்த்து எழுதினேன். ஓய்வு நேரத்தில் அவற்றை வரைபாக்கினேன். எவரும் கேட்டு நான் அதனைச் செய்யவில்லை. ஆறு ஆண்டுகளாக ஒரு வரைபும் வரையாத கைக்கு அது ஆறுதலாக இருந்தது என்பதே உண்மை.

நாற்பது நாட்களின் வரைபுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. திங்கட்கிழமைக் கோடுகள் மற்றவற்றிலும் செங்குத்தாக ஏறின. வார இறுதியில் தாங்கிகளில் நின்ற பழைய பால் திங்கட்கிழமை காலையிலே பதனிடப்பட்டது. பால் பழகப் பழக அதன் அமிலத்தன்மை சற்றுக் கூடும். அமிலத்தன்மை கூடினால் புரதம் எளிதிற் படியும். புதன்கிழமைப் பாலுக்கும் திங்கட்கிழமைப் பாலுக்கும் ஒரே கடிகாரத்தை வைத்திருந்ததே தவறு.

கொப்பியை வேலைத்தலைவர் ஒருநாள் கண்டார். அவர் அதனை ஆலையின் பொறியியலாளரிடம் கொண்டு சென்றார். பொறியியலாளர் என்னை அழைத்து, படித்திறன்களைக் கணித்த இடத்தைக் காட்டி, இதனை எங்கே கற்றீர் என்று வினவினார். என் நாட்டில், என் மொழியில் கற்றேன். கற்பித்தும் இருக்கிறேன் என்றேன். எனது ஜேர்மன் மொழி அன்று மிகவும் வறியது. ஆயினும் வரைபிலே இருவரும் ஒரே மொழியைக் கதைத்தோம். அடுத்த ஆண்டு என்னைக் கட்டுப்பாட்டு அறையிற் பயிற்சிக்கு அமர்த்தினர்.

மாணவர்களே, இதனைத் தற்புகழ்ச்சியாக நான் எழுதவில்லை. தமிழிலே விஞ்ஞானம் படித்தால் உலகில் எதற்கும் உதவாது என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தடை என்ற சொல்லையும் படித்திறன் என்ற சொல்லையும் நான் தமிழிலேயே விளங்கிக்கொண்டேன். இங்கு வந்து அவற்றுக்கு ஜேர்மன் பெயர்களை மாத்திரம் கற்றேன். விளக்கம் ஏற்கெனவே என்னிடம் இருந்தது. ஒரு மொழியிலே நன்கு விளங்கிய பொருளை மற்றொரு மொழிக்கு எடுத்துச் செல்வது, அறிந்த வீட்டுக்குப் புதிய பெயர்ப்பலகை மாட்டுவது போன்றது.

வருவதை முன்னறிதல்

கண்காணிப்பது பாதி வேலை. மற்றப் பாதி முன்னறிவது. வெந்நீர் 80 பாகைக்கு மேல் போகக்கூடாது என்று ஓர் எல்லை வைத்திருக்கிறோம் என்க. காலை 6 மணிக்கு 74 பாகை, 8 மணிக்கு 75, 10 மணிக்கு 76. மணிக்கு அரைப் பாகை ஏறுகிறது. மீதி 4 பாகைக்கு 8 மணி நேரம் வேண்டும். ஆகவே மாலை 6 மணிக்கு எல்லையை அடையும் என்று சொல்லலாம். ஆனால் நண்பகலில் 77.5 காட்டுகிறது. ஏற்றம் மணிக்கு முக்காற் பாகையாகிவிட்டது. புதிய கணக்கின்படி எல்லை பிற்பகல் 3 மணி 20 நிமிடம். காலையிற் சொன்ன விடையிலேயே பிடிவாதமாக நின்றிருந்தால், பாதுகாப்பு வால்வு எமக்குப் பாடம் கற்பித்திருக்கும்.

ஏற்றம் ஏன் விரைவாகிறது? சுத்தமான மழமழப்பான உருக்கின்மேல் முதற் படை ஒட்டுவது கடினம். அதனால் தொடக்கத்திற் சிலநேரம் ஒன்றும் நடவாதது போலிருக்கும். முதற்படை ஒட்டிவிட்டால், அதன்மேல் அடுத்தது எளிதில் ஒட்டும். முன்னறிபவன் அந்த அமைதியான தொடக்கக் காலத்தைக் கண்டு ஏமாறக்கூடாது. மேலும், பாலின் ஓட்டத்தைக் குறைத்தால் வெந்நீரின் தேவையும் குறையும். படிவு கரைந்துவிட்டது போன்ற பொய்த்தோற்றம் உண்டாகும். ஆதலால் ஓட்டத்தின் அளவையும் உள்வரும் பாலின் வெப்பநிலையையும் கணக்கிற் சேர்த்துத் திருத்திய பின்னரே கோட்டை வரைய வேண்டும்.

இத்துறையில் அறிஞர்கள் நெடுங்காலமாக உழைத்துள்ளனர். 1959ஆம் ஆண்டில் கேர்ன், சீற்றன் என்னும் இருவர் எளிய ஒரு கருத்தை முன்வைத்தனர். சுவரில் ஒருபுறம் படிவு சேர்கிறது. மறுபுறம் ஓட்டத்தின் உராய்வு அதனைப் பிய்த்துச் செல்கிறது. இவ்விரண்டின் வித்தியாசமே வளர்ச்சி. சேர்வதும் போவதும் சமமானால் படிவு ஓர் அளவோடு நின்றுவிடும். 1983ஆம் ஆண்டில் எப்ஸ்ரைன் என்பவர் படிவுகளை ஐந்து வகையாகவும், அவற்றின் வாழ்வை ஐந்து படிநிலைகளாகவும் வகுத்துக் காட்டினார். கேத்தலில் உள்ளது பளிங்காகும் வகை. ஆற்றுநீரின் சேறு துணிக்கை வகை. பாலிலும் மசகெண்ணெயிலும் நடப்பது இரசாயன மாற்ற வகை. துருவால் வருவது அரிப்பு வகை. ஐந்தாவது உயிரின வகை.

உயிரின வகைக்கு இந்நாட்டிலேயே உதாரணம் உண்டு. கருங்கடற் பகுதியைச் சேர்ந்த குவாகா என்னும் சிறு மட்டி, 2016ஆம் ஆண்டில் கொன்ஸ்ரன்ஸ் ஏரியிற் கண்டறியப்பட்டது. ஏரிநீரை எடுக்கும் குழாய்களின் உட்புறத்தில் அது கூட்டங்கூட்டமாக ஒட்டி வழியை அடைத்துவிடுகிறது. மின்னிலையங்களின் குளிர்விக்கும் குழாய்களைச் சுத்தமாக வைத்திருக்க, பஞ்சு போன்ற இறப்பர்ப் பந்துகளை நீரோடு சேர்த்து ஓடவிடும் முறையும் உண்டு. பந்துகள் குழாயின் சுவரைத் துடைத்தபடி சென்று, மறுமுனையிற் பிடிக்கப்பட்டு, மீண்டும் உள்ளே அனுப்பப்படும். ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கும் துப்புரவு அது.

இக்காலத்திற் கணினிகள் ஒவ்வொரு செக்கனும் நூற்றுக்கணக்கான மானிகளைப் பார்க்கின்றன. முந்திய ஓட்டங்களிலிருந்து தாமாகக் கற்று, எப்போது கழுவ வேண்டும் என்று கூறும் நிரல்களும் வந்துள்ளன. என் கொப்பி செய்த வேலையை அவை பன்மடங்கு விரைவாகச் செய்கின்றன. ஆயினும், மானி ஒன்று பழுதடைந்தால் அதைப் படிவென்று கணினி எண்ணிவிடக்கூடும். இந்த எண் நம்பத் தகுந்ததா என்று கேட்கும் மனிதர் அருகிலே இருக்க வேண்டும். அதற்குத்தான், மாணவர்களே, உங்களுக்குக் கணிதம் வேண்டும்.

முந்திக் கழுவினால் நீரும் இரசாயனமும் வெப்பமும் வீண். பிந்திக் கழுவினால் படிவு முதிர்ந்து இறுகி, அகற்றுவதற்கு இரட்டிப்பு முயற்சி வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பது எம் முன்னோர் மொழி. வெள்ளம் எப்போது வரும் என்று கணக்கிடுவதும் அதனோடு சேர்ந்தது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

பதினொரு ஆண்டுகளாக இப்பாடசாலையிற் சனிக்கிழமைகளில் கற்பித்து வருகிறேன். ஆலையிற் கற்றதை வகுப்பறையிலும் பொருத்திப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. எல்லா ஒப்புமையையும் போல இதற்கும் எல்லை இருக்கிறது. ஜேர்மன் மொழியோ பிரெஞ்சு மொழியோ பிள்ளையின் மனத்திற் படியும் அழுக்கு என்று நான் சொல்லவில்லை. அவை எம் பிள்ளைகளின் மொழிகள், அவர்களின் செல்வங்கள். நான் படிவு என்று சொல்வது வேறொன்றை. பேசாமல் விடப்படும் நாட்களைச் சொல்கிறேன்.

பெற்றோரிற் பலர் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மானியைப் பார்க்கின்றனர். அதுதான் தமிழ்ப் பரீட்சைப் புள்ளி. மூன்றாம் வகுப்பில் 80. நான்காம் வகுப்பில் 80. ஐந்தாம் வகுப்பிலும் 80. குறையில்லை என்று மகிழ்கின்றனர். ஆனால் அந்த 80ஐப் பெறுவதற்குச் செலவான முயற்சியை எவரும் எழுதி வைப்பதில்லை. மூன்றாம் வகுப்பிலே பிள்ளை தானாகவே வாசித்தது. நான்காம் வகுப்பிலே தாயார் அருகில் இருந்து வாசிப்பித்தார். ஐந்தாம் வகுப்பிலே பரீட்சைக்கு முந்திய இரு வாரங்கள் வீட்டிலே கண்ணீரும் கடிந்துரையும், பரிசு தருவதாக வாக்குறுதியும் வேண்டியிருந்தன. புள்ளி மாறவில்லை, வால்வுதான் திறந்துகொண்டே போகிறது. ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ வால்வு முழுவதும் திறந்துவிடுகிறது. "சேர், பிள்ளை திடீரென்று வரமாட்டேன் என்கிறது" என்று பெற்றோர் அன்று வந்து சொல்கின்றனர். அது திடீரென்று நிகழ்ந்ததன்று. மானி காட்டாமல் இருந்தது, அவ்வளவே.

எனவே ஆசிரியர்களாகிய எமக்கும் பெற்றோராகிய உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். புள்ளியை மாத்திரம் பார்க்க வேண்டாம். பிள்ளை தமிழிற் சொன்ன வசனங்களில் எத்தனை, நீங்கள் கேளாமலே அதன் வாயிலிருந்து வந்தவை? தாயகத்தில் இருக்கும் அம்மம்மாவோடு தொலைபேசியில் கதைக்கும்போது, அருகில் நின்று சொற்களை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறதா? சென்ற ஆண்டிலும் இவ்வாண்டு கூடுதலாக எடுத்துக் கொடுக்கிறீர்களா? இந்த அளவுகளைக் கவனியுங்கள். இவை குறையை முன்கூட்டியே காட்டும். அந்த வேளையிற் கவனித்தால் இளநீர் போன்ற இதமான முயற்சி போதும். ஓர் இரவுக்கதை, உணவுமேசையில் அரைமணி நேரத் தமிழ், பிள்ளை விரும்பும் காற்பந்தாட்டத்தைப் பற்றித் தமிழிலே ஒரு வாதம் போதும். பிந்திவிட்டாலோ காரமும் அமிலமும் வேண்டியிருக்கும். பிள்ளை உலோகத் தகடு அன்று. அதன் மனம் அவற்றைத் தாங்காது.

ஓடாமல் நிற்கும் மூலைகளிலேயே படிவு விரைவாகச் சேரும்; ஓட்டம் நிறைந்த இடத்திற் குறைவாகச் சேரும் என்பதை ஆலையிலே நாள்தோறும் காண்கிறேன். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மாத்திரம் திறக்கப்படும் குழாய்தான் எமது வகுப்பறை. மற்ற நாட்களில் ஓட்டத்தைத் தரவேண்டியது வீடு.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி வாங்குங்கள். நீங்கள் கவனிக்க விரும்பும் ஏதாவது ஒன்றை அதிலே நாள்தோறும் குறியுங்கள். வீட்டுக் கேத்தல் கொதிப்பதற்கு எடுக்கும் நேரமாக இருக்கலாம். நீங்கள் புதிதாகக் கற்ற தமிழ்ச் சொற்களின் தொகையாக இருக்கலாம். நாற்பது நாட்களின் பின் கோட்டை வரைந்து பாருங்கள். உங்கள் கண்ணுக்கு அதுவரை தெரியாத ஒன்று அங்கே தெரியும். தெரிந்ததை என்னிடம் கொண்டுவந்து காட்டுங்கள். சனிக்கிழமைகளில் உங்கள் வரைபுகளைப் பார்ப்பதிலும் பெரிய மகிழ்ச்சி எனக்கு வேறில்லை.